வெஸ்லியன் குடியிலிருந்து தமிழ் மாணவர் நிலைக்கு: ஜி.யு. போப்பின் வாழ்வும் குடும்பமும் தஞ்சைப் பணிக்காலமும்

ஆய்வுச் சுருக்கம்

திருக்குறள், நாலடியார், திருவாசகம் ஆகியவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பாளராகத் தமிழுலகம் நன்கறிந்த ஜார்ஜ் உக்லோ போப் (1820–1908), மெதடிசத் திருச்சபையின் வெஸ்லியன் பிரிவைச் சார்ந்த குடும்பத்தில் பிறந்து, அப்பிரிவின் ஊழியராகவே தமிழகம் வந்தவர். பின்னர் ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு மாறி, சாயர்புரத்திலும் தஞ்சாவூரிலும் பணியாற்றினார். தமிழில் எழுதப்பட்ட அவர் வரலாறுகள் பெரும்பாலும் மொழிபெயர்ப்புப் பணியை முன்னிறுத்துகின்றன. குடும்பப் பின்புலமும் தஞ்சையில் எழுந்த சாதிப் பூசலும் அவற்றில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகின்றன. இவ்விரண்டையும் இணைத்து நோக்கினால்தான் அவருடைய முதுமைக்காலத் தமிழ்ப்பணியின் பொருள் முழுமையாக விளங்கும் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஜி.யு. போப், வெஸ்லியன் மெதடிசம், தஞ்சாவூர், லுத்தரன் திருச்சபை, சாதி, கார்ல் கிரவுல், திருவாசகம்.

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் கற்ற ஐரோப்பியர்களுள் போப்பிற்கு உள்ள இடம் தனித்தன்மையுடையது. கால்டுவெல் ஒப்பிலக்கணத்தாலும், வின்சுலோ அகராதியாலும், பெர்சிவல் பழமொழித் தொகுப்பாலும் நினைக்கப்படுகின்றனர். போப்போ ஒரு நூலால் மட்டுமன்றி, தம்மைத் தமிழ் மாணவர் என்று கருதிக்கொண்டவர் என்னும் படிமத்தாலும் நினைக்கப்படுகிறார். 1968இல் சென்னையில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினா கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. சிலையாக்கப்பட்டவர்களின் வாழ்வில் முரண்கள் மறைந்துவிடுவது இயல்பு. போப்பின் வாழ்வில் அவ்வாறு மறைந்தவை இரண்டு. ஒன்று, அவர் பிறந்த வெஸ்லியன் குடும்பம். மற்றொன்று, காவிரிப் படுகையில் அவர் நடத்திய போராட்டம். வாழ்க்கை நிகழ்ச்சிகளைக் கால வரிசையில் தொகுத்து, இவ்விரண்டின் இடத்தை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடும்பப் பின்புலம்

போப்பின் தந்தை ஜான் போப் (1791–1863) இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் பகுதியின் பாட்ஸ்டோ துறைமுகத்தைச் சார்ந்தவர். தாய் கேத்தரின் உக்லோ (1797–1867) அதே பகுதியின் ஸ்ட்ராட்டன் ஊரினர். மகனின் பெயரிலுள்ள உக்லோ என்பது தாய்வழிக் குடிப்பெயர். கார்ன்வால் மக்களிடையே, குறிப்பாகச் சுரங்கத் தொழிலாளரிடமும் மீனவரிடமும், ஜான் வெஸ்லியின் சமய எழுச்சி ஆழமாக வேரூன்றியிருந்தது. ஒழுங்கான வேதவாசிப்பு, தற்சோதனை, எளிய மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே போதித்தல் ஆகியவை அவ்வெழுச்சியின் அடையாளங்கள்.

வணிகரான ஜான் போப் 1818இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவிற்குக் குடிபெயர்ந்தார். அங்கு 1820 ஏப்ரல் 24 அன்று ஜார்ஜ் பிறந்தார். குடும்பம் பின்னர் நோவா ஸ்கோஷியாவிற்குச் சென்றது. அங்கு 1822இல் தம்பி வில்லியம் பர்ட் போப் பிறந்தார். 1826இல் குடும்பம் இங்கிலாந்து திரும்பிப் பிளிமத் துறைமுகத்தில் நிலைகொண்டது. அங்குத் தந்தை வணிகராகவும் கப்பல் உரிமையாளராகவும் விளங்கினார்.

இவ்விரு சகோதரர்களின் வாழ்வும் ஒரே ஊற்றில் தோன்றி இரு கிளையாகப் பிரிந்த ஆற்றை ஒத்தது. தம்பி வில்லியம் 1842இல் வெஸ்லியன் போதகராகி, இறுதிவரை அப்பிரிவிலேயே நின்றார். 1867 முதல் மான்செஸ்டர் அருகிலுள்ள டிட்ஸ்பரி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். கிறித்தவ இறையியலை மூன்று தொகுதிகளில் முறைப்படுத்தி எழுதினார். 1877இல் வெஸ்லியன் திருச்சபைப் பேரவையின் தலைவரானார். மெதடிச இறையியல் வரலாற்றில் போப் என்னும் பெயர் இன்றும் அவரையே குறிக்கும். தமிழ் இலக்கிய வரலாற்றில் அதே பெயர் அண்ணனைக் குறிக்கிறது.

தமிழகம் நோக்கி

ஜார்ஜ் போப் பரியிலும் ஹாக்ஸ்டனிலும் இருந்த வெஸ்லியன் கல்வி நிலையங்களில் பயின்றார். கப்பற்பயணத்தின்போதே அவர் தமிழைக் கற்கத் தொடங்கினார் என்னும் செய்தி பரவலாக வழங்குகிறது. திருவாசக மொழிபெயர்ப்பின் முன்னுரையில் அவரே தம் முதல் தமிழ்ப் பாடம் 1837இல் நிகழ்ந்ததாகக் குறித்துள்ளார். எனவே பயணத்திற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே, பதினேழாம் அகவையில், இங்கிலாந்து மண்ணிலேயே அவருடைய தமிழ்க்கல்வி தொடங்கிவிட்டது என்று கொள்வதே பொருத்தமாகும். தமிழ் அவருக்கு வந்த இடத்தில் வாய்த்த மொழியன்று. வருவதற்கு முன்பே தேர்ந்துகொண்ட மொழி.

1839இல் அவர் வெஸ்லியன் சங்கத்தின் ஊழியராகச் சென்னை வந்தடைந்தார். அச்சங்கத்தின் தமிழ்ப்பணிக்கு அப்போது கால் நூற்றாண்டு வரலாறு இருந்தது. 1814இல் இலங்கை வந்த முதற்குழுவின் உறுப்பினரான ஜேம்ஸ் லிஞ்ச் 1817இல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்தார். தொடர்ந்து நாகப்பட்டினமும் மன்னார்குடியும் வெஸ்லியன் நிலையங்களாயின. ஆகவே காவிரிப் படுகையின் கடைமடைப் பகுதி போப் பிறந்த திருச்சபையின் பணிக்களமாகவும், தலைமடையை அடுத்த தஞ்சை நகரம் அவர் பின்னர் ஏற்ற திருச்சபையின் பணிக்களமாகவும் அமைந்தன.

சென்னையில் அவர் இராமாநுச கவிராயரிடம் தமிழ் பயின்றதாகத் தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. கவிராயர் ஐரோப்பியர் பலருக்கு ஆசிரியராக விளங்கியவர். திருக்குறளின் முதற்பகுதியை 1840இல் ஆங்கில உரைநடையில் வெளியிட்ட துரூ பாதிரியாரும் அவருடைய துணையைப் பெற்றவரே. மரபுவழிப் புலவர் ஒருவரிடம் இலக்கணமும் உரையும் கேட்கும் வாய்ப்பு இளம் போப்பின் தமிழ்க்கல்விக்கு உறுதியான அடித்தளமாயிற்று. 1842இல் தமிழ் இலக்கணத்தை வினாவிடை முறையில் அமைத்த அவருடைய சிறுநூல் வெளிவந்தது. இருபத்திரண்டு அகவையில் அவர் தொடங்கிய நூற்பணி எண்பதைக் கடந்தும் நீடித்தது.

திருமணமும் திருச்சபை மாற்றமும்

1841இல் வெஸ்லியன் போதகர் கார்வரின் மகள் மேரியைப் போப் மணந்தார். இத்திருமணத்தால் பிறப்பு, கல்வி, பணி, மணவுறவு ஆகிய நான்கும் அவரை வெஸ்லியன் திருச்சபையோடு பிணைத்திருந்தன. ஆயினும் இரண்டாண்டுகளுக்குள் அவர் அதனை விட்டு நீங்கினார். 1843இல் ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருப்பட்டத்தின் முதல்நிலையைப் பெற்று, நற்செய்திப் பரப்புக் கழகத்தின் ஊழியராகத் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்றார்.

சாயர்புரத்தில் அவர் 1844இல் தொடங்கிய குருத்துவப் பள்ளி தென்தமிழகக் கல்வி வரலாற்றில் இடம்பெற்ற ஒன்று. இலத்தீனும் கிரேக்கமும் தமிழும் அங்குக் கண்டிப்போடு கற்பிக்கப்பட்டன. கண்டிப்பு அவருடைய ஆசிரியப் பணியின் இறுதிவரை தொடர்ந்த இயல்பாகும். அவர் பெயரால் 1962இல் நிறுவப்பட்ட போப் கல்லூரி அவ்வூரில் இன்றும் இயங்குகிறது.

சாயர்புர ஆண்டுகளில்தான் அவருக்குப் பேரிழப்பு நேர்ந்தது. 1845இல் மேரி தூத்துக்குடியில் காலமானார். நான்காண்டு மண வாழ்வு முடிவுற்றபோது போப்பிற்கு அகவை இருபத்தைந்து. வெஸ்லியன் குடும்பத்தோடு மணவுறவால் அமைந்திருந்த பிணைப்பும் இம்மறைவால் அறுந்தது. 1849இல் சென்னையைச் சார்ந்த வான் சோமெரென் குடும்பத்தின் ஹென்றியெட்டா பேஜ் என்பாரை அவர் மணந்தார். ஐம்பத்தெட்டாண்டுகளுக்கும் மேலாக நீடித்த இல்லறம் அது. அதே ஆண்டில் தாயகம் சென்றபோது, ஆக்ஸ்போர்டு இயக்கம் எனப்படும் சமயச் சீரமைப்பின் தலைவர்களான பியூசி, கீபிள், மேனிங் ஆகியோரின் தொடர்பு ஏற்பட்டது. திருச்சபையின் தொன்மை, ஆயர்வழி மரபு, திருவருட்சாதனங்களின் மேன்மை ஆகியவற்றை வலியுறுத்திய இயக்கம் அது. வெஸ்லியன் குடியில் பிறந்தவர் ஆங்கிலிக்கன் மரபின் உயர்சபைப் போக்கிற்கு நெருக்கமானவராகத் தமிழகம் திரும்பினார்.

தஞ்சைப் பணிக்காலம்

1851இல் போப் தஞ்சாவூரில் பணியேற்றார். சுவார்ட்ஸ் ஐயரின் நினைவு மங்காத நகரம் அது. 1798இல் மறைந்த சுவார்ட்ஸ் லுத்தரன் மரபினர். ஆனால் அவர் நிறுவிய சபைகள் பின்னர் ஆங்கிலிக்கன் நிருவாகத்தின் கீழ் வந்திருந்தன. போப் அங்கிருந்த காலத்தில் மராட்டிய அரசின் இறுதியும் நிகழ்ந்தது. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்ததையடுத்துத் தஞ்சை அரசு முடிவுக்கு வந்தது.

தஞ்சைச் சபையின் உள்ளே வேறொரு பூசல் பல்லாண்டுகளாகப் புகைந்துகொண்டிருந்தது. வேளாளக் கிறித்தவரும் ஒடுக்கப்பட்ட குலங்களிலிருந்து வந்த கிறித்தவரும் ஆலயத்தில் தனித்தனியே அமர்ந்தனர். நற்கருணையைத் தனித்தனியே பெற்றனர். பழைய லுத்தரன் ஊழியர்கள் இதனைச் சமுதாய வழக்கமெனப் பொறுத்திருந்தனர். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாடு சபையிலிருந்து உடனே முற்றிலும் நீக்கப்பட வேண்டுமென ஆணையிட்டார். தஞ்சைச் சபை கொந்தளித்தது. சரபோசி மன்னரின் அவையில் மதிப்புப் பெற்ற புலவரும், தஞ்சைக் கிறித்தவரின் பாடல் மரபிற்கு முதன்மையாளருமான வேதநாயக சாத்திரியார் (1774–1864) மரபைக் காத்து நின்றவர்களுள் முன்னணியில் இருந்தார். போப் தஞ்சைக்கு வந்தபோது அவர் முதுமையில் அந்நகரிலேயே வாழ்ந்துகொண்டிருந்தார்.

இச்சூழலில் லைப்சிக் லுத்தரன் சங்கம் தரங்கம்பாடியிலிருந்து படுகையின் உள்நாட்டுப் பகுதிகளுக்குப் பணியை விரித்தது. சாதி ஆணையால் மனம் வேறுபட்ட குடும்பங்கள் பல அச்சங்கத்தை நாடின. சாதியைப் படிப்படியாகவே நீக்க இயலும், அதனை உடனடி நிபந்தனையாக்குவது தகாது என்பது அச்சங்கத்தின் நிலைப்பாடு. போப்பின் நிலைப்பாடு இதற்கு நேர்மாறானது. நற்கருணையில் ஒரே பாத்திரத்தில் பருக மறுப்பவர் சபையின் உறுப்பினராக நிற்க இயலாது என்னும் அணியில் அவர் நின்றார். 1853இல் தரங்கம்பாடி ஊழியர்களுக்கு எழுதிய வெளிப்படையான கடிதமாக ஒரு நூலை வெளியிட்டார். லுத்தரன்களின் ஆக்கிரமிப்பு என்பதே அதன் தலைப்பின் பொருள். நடையின் கடுமை தலைப்பிலேயே புலப்படும்.

இப்பூசலில் இரு உண்மைகள் ஒருசேர நிற்கின்றன. சாதி குறித்த போப்பின் நிலைப்பாடு சமத்துவ நோக்கில் வலிமையுடையது; ஒடுக்கப்பட்ட மக்களின் மாண்பு அதில் அடங்கியிருந்தது. அதே வேளையில், அந்நூலில் சாதி எதிர்ப்போடு திருச்சபைகளின் எல்லைப் போட்டியும் ஆங்கிலிக்கன் மேன்மைக் கருத்தும் கலந்திருந்தன. போப்பின் சாதி எதிர்ப்பை மட்டும் எடுத்துப் போற்றுவதும், அவருடைய சபைப்பற்றை மட்டும் எடுத்துக் குறைகூறுவதும் வரலாற்றைப் பாதியாக்கும்.

தமிழ் ஆய்வாளர் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. லைப்சிக் சங்கத்தின் இயக்குநராக இருந்து, 1849 முதல் 1853 வரையிலான பயணத்தில் தமிழகத்தில் தங்கிச் சாதி குறித்த லுத்தரன் நிலைப்பாட்டை வகுத்துரைத்தவர் கார்ல் கிரவுல். திருக்குறளை 1856இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டவரும் அவரே. அவருடைய இலத்தீன் பெயர்ப்பு, மறைவிற்குப் பின் 1865இல் வெளிவந்தது. எனவே 1850களின் தஞ்சைச் சாதிப் பூசலில் எதிரெதிர் அணிகளில் நின்ற இருவரும் பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும் என்று அறைந்த வள்ளுவரின் ஐரோப்பிய மொழிபெயர்ப்பாளர்களாயினர். ஒரே நூல் இரு வேறு சமுதாய நோக்குடையோரை ஈர்த்தது என்பது திருக்குறள் மொழிபெயர்ப்பு வரலாற்றில் மேலும் ஆராயத்தக்கது.

தஞ்சை ஆண்டுகள் பூசலோடு மட்டும் கழியவில்லை. தமிழ் கற்கும் ஐரோப்பியருக்கான அவருடைய கைந்நூல் 1855இல் வெளிவந்தது. இலக்கண நூற்பாக்களிலிருந்து தொடங்காமல் மக்கள் வழங்கும் மொழியிலிருந்து தொடங்கும் முறையில் அமைந்த இந்நூல் விரிவாக்கப்பட்டுப் பல பதிப்புகள் கண்டது. எளிய மக்களின் மொழியில் போதிக்க வேண்டும் என்னும் வெஸ்லியன் பயிற்சி, திருச்சபை மாறிய பின்னும் அவருடைய மொழிக்கல்வி முறையில் தங்கியிருந்ததை இது காட்டுகிறது.

உதகையும் பெங்களூரும்

1859இல் போப் உதகமண்டலத்தில் ஒரு பள்ளியைத் தொடங்கி, 1870 வரை அதன் தலைமையாசிரியராக விளங்கினார். 1864இல் காண்டர்பரி பேராயர் அவருக்கு இறையியல் முனைவர் பட்டம் வழங்கினார். 1871 முதல் பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியின் தலைவரானார். இவ்விருபதாண்டுகளில் அவர் ஐரோப்பியச் சிறாரின் ஆசிரியரே ஆவார். தஞ்சையில் சாதியை எதிர்த்துக் கடுமையாக எழுதியவர் ஆட்சியாளர் இனத்தின் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பணிக்கு நகர்ந்தமை அவர் வாழ்வின் மற்றொரு திருப்பம். 1877இல் தம்பி மெதடிசப் பேரவையின் தலைமைப் பீடத்தில் அமர்ந்தபோது அண்ணன் பெங்களூரில் பள்ளித் தலைவராக இருந்தார்.

ஹென்றியெட்டாவுடனான இல்லறத்தின் மக்களுள் மூன்று ஆண்மக்கள் இந்திய அரசுப் பணிகளில் சிறந்தனர். ஜான் வான் சோமெரென் போப் பர்மாவின் பொதுக்கல்வித் துறையை வழிநடத்தினார். ஆர்தர் வில்லியம் உக்லோ போப் இருப்புப்பாதைப் பொறியாளராகப் பெயர் பெற்றார். தாமஸ் ஹென்றி போப் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவப் பேராசிரியரானார். தந்தை சமயப் பணிக்காக வந்த நாட்டில் மக்கள் கல்வி, போக்குவரத்து, மருத்துவம் ஆகிய துறைகளில் பணிபுரிந்தனர். சமயக் குடும்பம் ஒன்று இரு தலைமுறைகளில் குடியேற்ற அரசின் பணிக் குடும்பமாக மாறிய போக்கிற்கு இது தக்க சான்றாகும்.

ஆக்ஸ்போர்டும் முதுமைக்காலத் தமிழ்ப்பணியும்

நாற்பதாண்டுகளுக்கும் மேலான தென்னிந்திய வாழ்விற்குப் பின் போப் இங்கிலாந்து திரும்பினார். 1884 முதல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். 1888இல் பாலியல் கல்லூரியின் குருவானார். பலர் ஓய்வை நாடும் அகவையில் அவருடைய பெரும்பணிகள் தொடங்கின. 1886இல் திருக்குறள் வெளிவந்தபோது அவருக்கு அறுபத்தாறு அகவை. 1893இல் நாலடியார் வந்தது. 1900இல் திருவாசகம் வெளிவந்தது. அதன் முன்னுரையைத் தம் எண்பதாம் பிறந்தநாளில் நாளிட்டார். பாலியல் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட் ஒரு மாலை உரையாடலில் அளித்த ஊக்கமே இப்பெரும்பணியை ஏற்கத் தூண்டியது என்று அம்முன்னுரை நன்றியோடு கூறுகிறது.

திருக்குறள் பதிப்பில் வெளியிட்ட சில கருத்துகள் தமிழறிஞரால் ஏற்கப்படவில்லை. வள்ளுவர் காலத்தை கி.பி. 800க்கும் 1000க்கும் இடைப்பட்டதாகக் கொண்டதும், மயிலாப்பூர்ச் சூழலில் கிறித்தவ போதனை அவரை எட்டியிருக்கலாம் என ஊகித்ததும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவை சமய ஊழியரின் சார்பு ஆய்வில் புகுந்த இடங்கள். திருவாசகப் பதிப்பில் அச்சார்பு பெரிதும் தணிந்துள்ளது. ஒப்புநோக்கு அதிலும் உண்டு. எனினும் மணிவாசகரின் அடியார் நெஞ்சத்தை அதன் மரபிற்குள் வைத்தே அறிய முயல்கிறார். சைவ சித்தாந்தத்தைத் தமிழ் அறிவின் தலைசிறந்த படைப்பாக மதிப்பிடுகிறார். அதனை விளக்கும் பொருட்டு உமாபதி சிவாசாரியாரின் திருவருட்பயனையும் பெயர்த்துச் சேர்க்கிறார்.

இம்மாற்றத்தைக் காவிரிப் படுகையோடு தொடர்புபடுத்திக் காணலாம். மணிவாசகரின் வாழ்வில் மையமான திருப்பெருந்துறை அன்றைய தஞ்சை மாவட்டத்தின் தென்பகுதியில் இருந்தது. சைவ ஆதீனங்கள் செழித்திருந்த நாட்டில் போப் தம் முப்பதுகளைக் கழித்தார். அப்போது அவர் கவனம் திருச்சபையின் உட்பூசலில் தோய்ந்திருந்தது. அந்நாட்டின் சமய இலக்கியத்தை அவர் முழுமையாகத் திறந்தது அதனை விட்டு நீங்கிய பின்னரே. படுகையிலிருந்து புறப்பட்ட பதிப்புகளே அவருக்குத் துணைநின்றன. கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றிய உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றையும் 1898இல் மணிமேகலையையும் பதிப்பித்தார். அவற்றின் பகுதிகளைப் போப் ஆங்கிலத்தில் பெயர்த்தார். போப் தஞ்சையில் பணியாற்றிய காலத்தில், 1855இல், அதே படுகையில் பிறந்தவர் சாமிநாதையர்.

1906இல் இலண்டன் அரச ஆசியக் கழகம் போப்பிற்குத் தங்கப்பதக்கம் வழங்கியது. 1908 பிப்ரவரியில் அவர் ஆக்ஸ்போர்டில் மறைந்தார். ஹென்றியெட்டா 1911இல் மறைந்து அவர் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

முடிவுரை

தம் கல்லறையில் ஒரு தமிழ் மாணவன் உறங்குவதாகப் பொறிக்க வேண்டுமெனப் போப் விரும்பினார் என்பதும், அவ்வாறே பொறிக்கப்பட்டது என்பதும் தமிழகத்தில் மேடைதோறும் கூறப்படும் செய்திகள். தூய செபுல்கர் கல்லறைத் தோட்டத்திலுள்ள கல்லில் அத்தொடர் இல்லை. அவர் தென்னிந்தியாவைச் சார்ந்தவர் என்றும், தமிழ், தெலுங்கு விரிவுரையாளராகவும் கல்லூரிக் குருவாகவும் இருந்தார் என்றும் அக்கல் குறிக்கிறது. கீழைத்தேய இலக்கியத்திற்கும் மெய்யியலுக்கும் ஆற்றிய வாழ்நாள் உழைப்பைப் போற்றி, அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் இணைந்து அதனை நிறுவியதாகவும் அது தெரிவிக்கிறது. வழங்கிவரும் கதையைவிடக் கல் கூறும் செய்தியே பொருள் மிக்கது. பெற்ற குடும்பமும் தமிழால் உற்ற குடும்பமும் ஒரே கல்லில் அருகருகே நிற்கின்றன.

கார்ன்வாலின் வெஸ்லியன் குடும்பம் அவருக்கு ஒழுங்கையும் எளியோர் மொழியின் மீது மதிப்பையும் தந்தது. தஞ்சைப் பணிக்காலம் தமிழ்ச் சமுதாயத்தின் பிளவுகளையும், அவற்றை எதிர்ப்பவரின் குறைகளையும் வெளிப்படுத்தியது. ஆக்ஸ்போர்டு முதுமை, போதிக்க வந்தவரைக் கற்பவராக்கியது. போப் விட்டு நீங்கிய வெஸ்லியன் திருச்சபையின் தென்னிந்தியப் பிரிவும், அவர் ஏற்ற ஆங்கிலிக்கன் திருச்சபையின் தென்னிந்தியப் பிரிவும் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையில் ஒன்றிணைந்தன. மன்னார்குடியின் வெஸ்லியன் சபையும் தஞ்சையின் ஆங்கிலிக்கன் சபையும் ஒரே பேராயத்தின் உறுப்புகளாயின. ஆனால் 1853இல் போப் எழுப்பிய வினா, அதாவது ஒரே பாத்திரத்தில் பருகுவோர் ஒரே சமுதாயமாக வாழ்வார்களா என்னும் வினா, திருச்சபைகளின் இணைப்பால் விடை பெற்றுவிடவில்லை. போப்பைத் திருவாசகத்தின் மொழிபெயர்ப்பாளராக மட்டும் நினைவுகூர்வது அவருக்குப் பெருமை சேர்க்கலாம். அவ்வினாவை எழுப்பியவராகவும் நினைவுகூர்வதே அவர் வரலாற்றை நிறைவாக்கும்.